பாலியில் உறவுக்கார விருந்தாளியாக

பாலிக்குப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் விசாவைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து கடற்கரையைப் பற்றி. அப்புறம் ஒன்று சொல்வார்கள்: "அங்கே எல்லாரும் இந்துக்கள்தானே, நமக்கு என்ன சிரமம்?" இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பாலியில் நம்மவர்கள் செய்கிற மரியாதைக் குறைவுகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன.

உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்று இந்தோனேசியா. அதற்குள் ஏறக்குறைய 43 லட்சம் பேர் வாழும் இந்தத் தீவில் நூற்றுக்கு 87 பேர் இந்துக்கள். ராமாயணம் தெரியும், தீர்த்தம் தெரியும், நெற்றியில் இட்டுக்கொள்ளத் தெரியும் என்பதால் நமக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. வேறு மதத்திலிருந்து வருகிற பயணி தனக்குத் தெரியாது என்று நினைத்துக் கேட்கிற இடத்தில் நாம் கேட்பதில்லை. அதைவிட மோசம், திருத்தப் பார்க்கிறோம். ஒரு கோயில் வாசலில் நம்மூர்க் குழு ஒன்று, "உள்ளே சாமியே இல்லையே, இது என்ன கோயில்? பன்றிக்கறி தின்கிறவர்கள் என்ன இந்துக்கள்?" என்று ஆங்கிலத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர்களை அழைத்து வந்த வழிகாட்டி பாலிக்காரர், இந்து. ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாலிக்காரர்கள் நமக்குத் தூரத்து உறவுக்காரர்கள் மாதிரி. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் அங்கே சாமி எந்தப் பக்கம் பார்க்கிறது, யார் முதலில் சாப்பிடுவார்கள் என்பதை அந்த வீட்டு வழக்கப்படிதான் நடந்துகொள்வோம். நம் வீட்டுச் சட்டத்தை அங்கே கொண்டுபோக மாட்டோம்.

முதலில் ஒரு வாட்ஸ்அப் வரலாற்றை ஒதுக்கிவைக்க வேண்டும். "சோழர்கள் பிடித்த ஊர், நாம் கொடுத்த மதம்" என்று பாலியைப் பற்றிப் பெருமையாகச் சுற்றுகிறது. முதலாம் ராஜேந்திரன் 1025-ஐ ஒட்டி நடத்திய கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களை அவனுடைய மெய்க்கீர்த்தியே வரிசையாகச் சொல்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், கடாரம் என்று போகும் அந்தப் பட்டியலில் பாலி இல்லை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 914-இல், ஸ்ரீ கேசரி வர்மதேவன் என்ற அரசன் சனூர் கடற்கரைக்குப் பக்கத்தில் தூண் கல்வெட்டு நாட்டியிருக்கிறான். பெலஞ்சோங் தூண் என்று இன்றும் அதைப் பார்க்கலாம். இன்றைய பாலி வழிபாட்டின் பெரும்பகுதி ஜாவா வழியாக வந்தது. 1343-இல் மஜபாகித் அரசு பாலியை வென்றது. பின்னாளில் ஜாவாவில் அந்த அரசு சரிந்தபோது குருமார்களும் பிரபுக்களும் கலைஞர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கொண்டுவந்ததை, ஏற்கெனவே இருந்த முன்னோர் வழிபாட்டோடும் மலை, ஊற்று, மர வழிபாட்டோடும் பாலிக்காரர்கள் தாங்களே சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள்.

நமக்கு உண்மையான தொடர்பு ஒன்று வேண்டுமென்றால், அது படையெடுப்பைவிட எனக்குப் பிடித்தது. வட பாலியில் செம்பிரான் என்ற கடலோர ஊரில் தோண்டியபோது, உள்தளத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு இழைத்த மண்கலத் துண்டுகள் கிடைத்தன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த அதே வகை. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு கரைகளுக்கும் நடுவே கப்பல்கள் போய்வந்திருக்கின்றன. வியாபாரிகளாகப் போயிருக்கிறோம். அந்த அளவு உரிமை போதும்.

இனி கோயில். பாலிக் கோயிலுக்கு வானம்தான் கூரை. மதிலால் சூழ்ந்த மூன்று வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். வெளி வளாகத்துக்கு இரண்டாகப் பிளந்து நிற்கிற வாசல், சாண்டி பெந்தார். உள் வளாகத்துக்கு மூடிய கோபுர வாசல். உள்ளே ஈச்ச நார் போன்ற கறுப்பு நாரால் வேய்ந்த, ஒற்றைப்படை அடுக்குகளாக உயரும் மேரு என்கிற கோபுரங்கள். பதினோரு அடுக்கு வரை உண்டு. கர்ப்பகிரகமும் மூலவரும் தேடினால் கிடைக்காது. உயரமான கல் ஆசனம் ஒன்று காலியாக இருக்கும். அதுதான் பத்மாசனா. 16-ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த டாங் ஹ்யாங் நிரார்த்தா என்ற குருவோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். கடவுள் அங்கேயே குடியிருப்பதில்லை. திருவிழாவுக்கு அழைத்தால் இறங்கி வருவார், வந்து அமர ஆசனம் தயாராக இருக்கும். அந்தக் காலி ஆசனத்தின் முன்னால் நிற்கும்போது எனக்கு நம்முடைய சிதம்பர ரகசியம் நினைவுக்கு வந்தது. திரைக்குப் பின்னால் வெறும் வெளியைக் கும்பிடத் தெரிந்தவர்களுக்கு இது புரியாமல் போக நியாயமில்லை.

உடை விஷயத்தில் சலுகை கிடையாது. ஆண் பெண் இருவருக்கும் இடுப்பில் கமென் என்கிற நீளத் துணி, அதன்மேல் செலெண்டாங் என்கிற இடைக்கச்சை. நம் வேட்டி சேலையே போதுமே என்று தோன்றும். தோற்றத்தில் ஒழுங்காக இருந்தாலும் இடைக்கச்சை கட்டியாக வேண்டும். பெரிய கோயில்களின் வாசலில் இரவல் தருவார்கள். ஆண்கள் தலையில் உடெங் கட்டுவது வழிபடப் போகிறவர்களுக்கு. மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் உள்ளே போகக் கூடாது என்று பலகையே இருக்கும். வீட்டில் சாவு நடந்தவர்கள், உடலில் ரத்தம் வழியும் காயம் உள்ளவர்களுக்கும் அதே விதி. இந்த விதியைப் பற்றி நமக்கு நம்மூரிலேயே சண்டை உண்டு, எனக்கும் கருத்து உண்டு. ஆனால் அந்த விவாதத்தை அவர்கள் வாசலில் நடத்த விருந்தாளிக்கு உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

செருப்பு ஒரு நல்ல உதாரணம். வாசலிலேயே கழற்றி வளர்ந்தவர்கள் நாம். பாலியில் கோயில் வளாகத்துக்குள் செருப்போடு நடப்பது சாதாரணம், கும்பிட உட்காரும்போதுதான் கழற்றி ஓரமாக வைப்பார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கிற நம்மவர், ஐந்து நிமிடத்தில் படம் எடுப்பதற்காக மேடைமீது ஏறி, பூசாரியின் தலைக்கு மேலே நிற்பார். அங்கே செருப்பைவிட உயரம்தான் பெரிய விஷயம். பூசை நடத்துகிறவரைவிட உயரமான இடத்தில் நிற்கக் கூடாது. கும்பிடுகிறவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. சுவர்மேல், பீடத்தின்மேல் ஏறக் கூடாது. குழந்தைகளைப் பார்த்தால் தலையைத் தடவி ஆசீர்வதிப்பது நம் அன்பு. பாலியில் தலை புனிதமானது, தெரியாதவர் கை அதில் படுவது பிடிக்காது. அந்தக் கையைக் கட்டுப்படுத்துவதுதான் நம் பாட்டிமார்களுக்கு உண்மையிலேயே சிரமம்.

2023-இல் பாலி ஆளுநர் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று ஒரு சுற்றறிக்கை போட்டார், 2025-இல் அதைப் புதுப்பித்தார். காரணம் இருந்தது. 2022-இல் தபானான் பகுதியில் ஒரு கோயிலின் புனித மரத்தில் சாய்ந்து நிர்வாணமாகப் படம் எடுத்துக்கொண்ட ரஷ்யப் பெண்ணை நாட்டைவிட்டே அனுப்பவேண்டி வந்தது. அந்தச் சுற்றறிக்கைப்படி, வழிபாட்டுக்காக அன்றி வெளிநாட்டுப் பயணிகள் கோயிலின் நடு வளாகத்துக்கும் உள் வளாகத்துக்கும் போகக் கூடாது. வழிபடுகிறவர் பாலி மரபுடையில் வரவேண்டும். 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஒவ்வொருவரிடமும் 150,000 ருபியா கட்டணமும் வாங்குகிறார்கள். பண்பாட்டையும் இயற்கையையும் காப்பதற்காக என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். முணுமுணுக்காமல் கட்டிவிடுங்கள்.

இந்த விதியில் நமக்கு ஒரு வாசல் திறந்திருப்பதைக் கவனித்தீர்களா? கும்பிட வருகிறவரை அவர்கள் தடுக்கவில்லை. வெள்ளுடை உடுத்திய பெமாங்கு, அதாவது ஊர்க் கோயில் பூசாரி, அவரிடம் போய், "நானும் கும்பிடலாமா?" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக உட்காரச் சொல்வார். ஆண்கள் சம்மணமிட்டு, பெண்கள் முழந்தாளிட்டு உட்காருவார்கள். ஊதுபத்திப் புகையில் கையைக் காட்டி, ஐந்து முறை கும்பிடுவார்கள். முதலும் கடைசியும் வெறுங்கையால், நடுவில் மூன்று முறை விரல் நுனியில் பூ வைத்து, கூப்பிய கை நெற்றிக்கு மேலே உயரும். பிறகு பெமாங்கு தீர்த்தம் தெளிப்பார். வலது கையை மேலே வைத்து இரு கைகளாலும் ஏந்தி மூன்று முறை பருகி, மூன்று முறை முகத்தில் தடவிக்கொள்ள வேண்டும். கடைசியில் நனைத்த அரிசி மணிகளை நெற்றியிலும் தொண்டைக்குழியிலும் ஒட்டிக்கொண்டு சிலவற்றை வாயில் போட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். நம் ஸ்லோகத்தை உரக்கச் சொல்லி அவர்கள் மந்திரத்துக்குப் போட்டியாகப் பாடாமல் இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் மூன்று வேளை சொல்லும் பூஜா திரிசந்தியா காயத்ரியில்தான் தொடங்குகிறது. காது கொடுத்தால் தானாகப் பிடிபடும்.

தெருவில் இறங்கினால் காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். கடை வாசல், படிக்கட்டு, காரின் முன்பலகை என்று எங்கே பார்த்தாலும் தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டும், பூவும், புகைகிற ஊதுபத்தியும். சனாங் சாரி என்று பெயர். அடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்ந்த ஒரு சிறு முடிச்சு. அதன்மேல் திசைக்கு ஒரு நிறம்: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே கறுப்புக்குப் பதிலாக நீலமோ பச்சையோ. பெண்கள்தான் தினமும் செய்து தினமும் வைக்கிறார்கள். உபூதில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா காலையில் கச்சை கட்டி, பூவைத் தண்ணீரில் தோய்த்துத் தெளித்து, ஒவ்வொரு இடமாக வைத்து முடிக்கவே நெடுநேரம் ஆகும். இடையில் யார் பேசினாலும் பதில் சொல்ல மாட்டார். மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், படத்துக்காக எடுத்து அடுக்காதீர்கள். ஊதுபத்தி அணைந்த பிறகு கோழியும் நாயும் வந்து அதிலிருக்கும் சோற்றைத் தின்றால் யாரும் விரட்டுவதில்லை.

நாம் அங்கே உண்மையாகவே நெகிழக்கூடிய இடம் அவர்களுடைய நாட்காட்டி. பாவுகோன் என்று 210 நாள் சுற்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கோயில் திருவிழாக்கள் பலவும் அந்தக் கணக்கில்தான் வரும். சுற்றின் கடைசி நாள் சரஸ்வதி பூசை. ஏடுகளையும் புத்தகங்களையும் அடுக்கிப் படைப்பார்கள், அன்று படிக்க மாட்டார்கள். பதினான்கு நாள் கழித்து தும்பெக் லாண்டெப் என்ற திருநாள்: கத்தி, கருவிகளோடு ஸ்கூட்டருக்கும் காருக்கும் படையல். இன்னொரு தும்பெக் மரங்களுக்கு, இன்னொன்று ஆடு மாடு கோழிகளுக்கு. எங்களுக்கு வண்டி ஓட்டியவரிடம் ஆயுத பூசையையும் மாட்டுப் பொங்கலையும் பற்றிச் சொன்னபோது வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்குவது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அவரை "ப்ளி" என்று கூப்பிட்டோம், அண்ணா மாதிரி. பெண்களை "ம்போக்". வயதில் பெரியவர்களுக்கு "பாக்", "இபு". பெயரைச் சொல்லி அதட்டுகிற வழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடலாம்.

ஆண்டு கணக்குக்கு நாம் அறிந்த சக ஆண்டும் உண்டு. அதன் புத்தாண்டுதான் ஞெப்பி. பயணத் தேதி முடிவு செய்யும் முன் இதை மட்டும் பார்க்காமல் இருக்கக் கூடாது. மார்ச் மாத அமாவாசையை ஒட்டி வரும். 2025-இல் மார்ச் 29, 2026-இல் மார்ச் 19. முந்தைய மாலை தெருவெங்கும் ஓகோ-ஓகோ என்ற ராட்சத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் ஆடுவார்கள், அப்படியொரு சத்தம். மறுநாள் காலை 6 மணியிலிருந்து அதற்கு அடுத்த நாள் காலை 6 மணி வரை தீவு முழுக்க அடங்கிவிடும். நெருப்பும் விளக்கும் இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை என்று நான்கு விரதங்கள். சர்வதேச விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படுகிறது. 2018 முதல் கைபேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். மருத்துவ அவசரத்துக்கு மட்டும் விலக்கு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி உடுத்திய பெச்சாலாங் எனும் ஊர்க்காவலர்கள் ரோந்து வருவார்கள். வெளிநாட்டுக்காரர், வேறு மதத்தவர் என்றெல்லாம் பேதம் கிடையாது. எல்லாரும் தங்கியிருக்கும் இடத்துக்குள்தான். திரையை இழுத்து மூடி, மெல்லிய விளக்கில், மெதுவாகப் பேசிக்கொண்டு இருக்க வேண்டும். நாற்பத்து மூன்று லட்சம் பேர் வேண்டாம், இருபது பேர் சேர்ந்து ஒரு நாள் இப்படி இருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு தீவே ஒப்புக்கொண்டு இதைச் செய்வதை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். அந்த நாளில் அங்கே இருக்க வாய்த்தால் தப்பி ஓடாதீர்கள், பழமும் ரொட்டியும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு இருங்கள்.

தீர்த்தா எம்புல் ஊற்றுக் கோயிலுக்கு எல்லாரும் போவார்கள். 962-ஐ ஒட்டிய காலத்தது. வரிசையாக நீர்த்தாரைகள் விழும் குளத்தில் இறங்கி, ஒவ்வொன்றின் கீழும் கும்பிட்டுத் தலை நனைப்பது மெலுகாட் என்ற தூய்மைச் சடங்கு. நமக்கு ராமேஸ்வரத்து இருபத்திரண்டு தீர்த்தங்கள் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே எல்லாத் தாரையிலும் குளித்துவிடக் கூடாது. இறந்தவர்களுக்கான சடங்குக்கென்றே ஒதுக்கிய தாரைகள் உண்டு, எவை என்று கேட்டுக்கொண்டு அவற்றைத் தாண்டிப் போக வேண்டும். தண்ணீருக்குள் நின்று வீடியோ எடுப்பவர்களால் பின்னால் வரிசையில் காத்திருக்கும் ஊர்க்காரர்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சாவு ஊர்வலம் எதிர்ப்பட்டால் அது திருவிழா மாதிரி தெரியும். ஙாபென் எனும் தகனத்தில் உடலைப் பல அடுக்குக் கோபுரத்தில் தூக்கிப் போவார்கள், நாற்சந்தியில் அந்தக் கோபுரத்தைச் சுற்றுவார்கள், ஆவி வழி தெரியாமல் வீடு திரும்பாதிருக்க. எருது வடிவப் பேழையில் வைத்து எரிப்பதும் உண்டு. பார்க்க நிற்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆனால் பலகாலம் பணம் சேர்த்துச் செய்கிற கடைசிக் கடன் அது. ஊர்வலத்துக்கு முன்னால் ஓடிப்போய்ப் படம் எடுப்பதும், சாலையில் பின்னால் மாட்டிக்கொண்டால் ஹாரன் அடிப்பதும் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி. பாலி இந்துக்கள் பன்றி, கோழி, வாத்து சாப்பிடுவார்கள். படையலிலும் அவை இருக்கும். ஊர்த் தெய்வத்துக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிற நாட்டிலிருந்து போகிற நாம் இதைக் கண்டு அதிர்ச்சி அடைவது எனக்குப் புரியவே இல்லை. சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்: தெம்பே என்கிற புளித்த சோயாக் கட்டி, தஹு என்கிற சோயாப் பன்னீர் (டோஃபு), காய்களோடு நிலக்கடலைச் சாறு ஊற்றிய காடோ-காடோ. சம்பல் என்கிற மிளகாய்த் துவையலில் மட்டும் தெராசி என்ற இறால் விழுது இருக்கும். "தான்பா தெராசி" என்றால் அது இல்லாமல் தருவார்கள். கடைக்காரரிடம் நம் சைவத்தின் உயர்வைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு கெட்ட பழக்கம், வர்ணம் விசாரிப்பது. பாலியில் பெரும்பாலோர் பிறந்த வரிசைப்படி வயான், மாடே, ஞோமான், கெதுத் என்று பெயர் வைத்திருப்பார்கள். ஐந்தாவது பிள்ளைக்குத் திரும்பவும் வயான். இடா பாகுஸ், அனாக் அகுங் போன்ற முன்பெயர்கள் குலத்தைக் காட்டும். இதைத் தெரிந்துகொண்டதும் நம்மவர் சிலர் ஓட்டுநரிடமும் பரிமாறுகிறவரிடமும், "நீ எந்த வர்ணம்?" என்று ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஊரில் கேட்டாலே அசிங்கமான கேள்வி அது.

இவர்கள் இந்து என்ற பெயருக்காகவே போராட வேண்டியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. இந்தோனேசியா விடுதலை அடைந்த பிறகு, ஒரே கடவுளை ஏற்கும் மதங்களுக்குத்தான் அரசு அங்கீகாரம் என்ற நிலை. பாலி வழிபாட்டைப் பழங்குடிச் சடங்காக ஒதுக்கப் பார்த்தார்கள். சங் ஹ்யாங் விதி வாசா என்ற ஒரே பரம்பொருளின் வடிவங்களே எல்லாத் தெய்வங்களும் என்று எடுத்துச் சொல்லி, மனுப்போட்டு, அமைப்பாகத் திரண்டு அங்கீகாரம் வாங்கினார்கள். பரிஷதா எனும் அவர்களுடைய சமயப் பேரவை 1959-இல் உருவானது. அந்தத் தலைமுறையில் சிலர் இந்தியாவுக்கு வந்து படித்தவர்கள். பின்னாளில் பாலி ஆளுநரான இடா பாகுஸ் மந்த்ரா சாந்திநிகேதனில் படித்தவர். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பெயரை, "நீங்கள் என்ன இந்து?" என்று ஒரு பயணி போகிறபோக்கில் கேட்டால் எப்படி இருக்கும்?

யாராவது வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள். கமென், கச்சை கட்டிக்கொண்டு, சர்க்கரையோ காப்பித்தூளோ அரிசியோ வாங்கிப் போகலாம். உள்ளே நுழையும்போது கைகூப்பி "ஓம் ஸ்வஸ்தியஸ்து". நன்றிக்கு "சுக்ஸ்மா". சாப்பிட்டதும் கட்டாயம் உங்களிடம் கேட்பார்கள்: கங்கையில் குளித்திருக்கிறீர்களா, அங்கே போக எவ்வளவு செலவாகும், உங்கள் ஊர்க் கோயில் எப்படி இருக்கும்? கைபேசியில் உங்கள் குலதெய்வக் கோயில் படம் ஏதாவது இருந்தால் காட்டுங்கள். எங்கள் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரைகளைக் காட்டியபோது அந்த வீட்டுப் பெரியவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் குதிரைகளை யார் செய்கிறார்கள், உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேளார்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், பேச்சு முடிய இரவாகிவிட்டது.